துட்டி வீட்டில் வந்த சிரிப்பு

என் கணவர் தன்னுடைய சொந்த அண்ணனுக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தபோது சிரித்தார். புன்னகை அல்ல. தோள் குலுங்க, பல் தெரிய, மூச்சு முட்டும்படியான சிரிப்பு. விரலிடுக்கில் இருந்த அரிசி, அத்தான் என்று நான் கூப்பிடும் அந்த மனிதரின் நெஞ்சின் மேல் விரித்திருந்த வேட்டியில் சிதறியது. முற்றம் நிறைய துட்டிக்கு வந்த ஆட்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். கடைசியில் அவருடைய சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டு வருடமாகிறது. இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. வேர்க்கச் சொல்லி உத்தரவு கொடுப்பது மூளையின் எந்தப் பகுதி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பசி, தாகம், தூக்கம், கோபம், பயம் எல்லாவற்றுக்கும் ஹைப்போதலாமஸ். மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் முகுளம். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். அந்தப் படம் என் வீட்டுக்குள் ஒரு மனிதனாக நடமாடுகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் நில அளவையர். தக்கலை தாலுகா அலுவலகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார், சிரிப்பது அதைவிடக் குறைவு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. புகைப்படக்காரர் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை என்று என் தங்கை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அவருடைய அப்பா இறந்தபோது அழவும் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்ட அன்றைக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் நடைமேடையில் நின்று பெட்டிகளை எண்ணினார். கல் மாதிரி ஒரு ஆளோடு வாழ்கிறோம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. பிறகு அது பழகிவிட்டது.

அண்ணனோடு அவருக்கு நான்கு வருடமாகப் பேச்சில்லை. அத்தான் வீட்டைச் சுற்றிக் கட்டிய மதில், பக்கத்துத் தோப்புக்குள் இரண்டடி ஏறியிருப்பதாகப் புகார் வந்தது. அளக்கப் போனவர் இவர்தான். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கிலி போட்டு அளந்தார், இரண்டடி ஏறியிருப்பது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதிலை இடிக்க வேண்டி வந்தது. அத்தான் அதற்குப்பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வைகாசி மாதம் ஒரு காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தார். தண்ணீர் வாயின் ஒரு ஓரமாக வழிந்து சட்டையில் ஊற்றியது. என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வலது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அரை மணி நேரத்தில் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஸ்கேன் படத்தில் மருத்துவர் பேனா முனையால் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசும் பெண் மருத்துவர்.

"இதுதாம்மா அடைப்பு. மூளைத்தண்டுல, பான்ஸ்னு சொல்லுற இடம்."

"இவ்வளவு சின்னதா?" என்று கேட்டேன்.

"ஒரு உளுந்து அளவு இருக்கும். ஆனா இடம் அப்படிப்பட்ட இடம்."

அந்த உளுந்து என்னவெல்லாம் செய்தது! ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். விக்கல் தொடங்கி மூன்று நாள் நிற்கவில்லை. கட்டில் அதிர அதிர விக்கிக்கொண்டு, களைத்துப்போய், விக்கலுக்கிடையிலேயே உறங்கினார். விக்கலை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவள் நான். அது ஒரு மனிதனை இப்படிப் பிடித்து உலுக்கும் என்று தெரியாமல் போயிற்று. எழுந்து உட்கார முடிந்த பிறகு விழுங்கப் பழக்க ஒரு பெண் வந்தார். தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து, நினைத்து நினைத்து விழுங்க வேண்டும். ஐம்பத்தாறு வயது மனிதர் எச்சில் விழுங்கப் படித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பிற்பகல். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் சாப்பிடக் கீழே போயிருந்தாள். நான் அவருடைய முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். அப்புறம் அழத் தொடங்கினார். ஏங்கி ஏங்கி, சிறு பிள்ளை போல. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. இருபத்தெட்டு வருடத்தில் நான் பார்த்த முதல் அழுகை, அதுவும் என் முகத்தைப் பார்த்து.

"கரையாதிங்க. நான் இருக்கேன்லா," என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த வார்டில், மருந்து நெடியில், நான் சந்தோஷமாக இருந்தேன். மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. எனக்கே எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் கைத்தடி ஊன்றி நடந்தார். பேச்சு குழறலாகத் திரும்பியது. கூடவே சிரிப்பும் வந்தது. டிவியில் வானிலை அறிக்கை வாசிக்கிறபோது ஒரு நாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகள் போனில் "அப்பா" என்று கூப்பிட்டதும் சிரித்தார். நான் பூரித்துப் போனேன்.

"அப்பா சிரிக்காரு மக்கா. உங்க அப்பாவேதான். சத்தம் கேக்குதா?" என்று போனை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன்.

சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர் மனம் இளகிவிட்டார் என்று நினைத்தேன். சிரிக்கும்போது அவர் இடது கையால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆவணியில் அத்தான் மாரடைப்பில் போனார். மகன் கல்ஃபிலிருந்து வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். செய்தி வந்ததும் இவர், "போணும். அண்ணன்லா," என்றார். பேச்சில்லாத வருடங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானே வேட்டி கட்டிவிட்டு அழைத்துப் போனேன். அத்தானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா இவரைப் பார்த்ததும், "உங்க அண்ணன் போயிட்டாவளே," என்று கதறினாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது.

பிறகுதான் அந்தச் சிரிப்பு.

அத்தானின் மகனுக்கு முப்பது வயது. அந்தக் காலையில்தான் விமானத்திலிருந்து இறங்கி வந்திருந்தான். அவன் இவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"சிரிக்கியளா? எங்க அப்பா செத்ததுல உங்களுக்கு அம்புட்டு சந்தோசமா?"

இவர் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு இன்னும் பெரிதாகப் பீறிட்டது. யாரோ ஒரு கிழவர், "மதிலு போனது போதலை, இப்பம் ஆளும் போயிட்டான், சிரிடே," என்றார். நான் அவருடைய கையைப் பற்றி இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை. சோற்றைக் குழைத்து முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். மூன்றாம் நாள் காலை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாததையும் சொன்னேன்.

"ஊரு முன்னால என் தலையைத் தாழ்த்திட்டியளே. இதுக்கு அன்னைக்கே ஆஸ்பத்திரியில போயிருந்தா நான் மானத்தோட கரைஞ்சு தீத்திருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு சிரித்தார். நான் கையிலிருந்த தட்டைத் தரையில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இடது கையை முட்டியாக மடக்கித் தன் வாயில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். வாயும் கன்னமும் தோளும் சிரித்தன. கண்கள் பயந்துபோய், சுவருக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிற ஆளைப்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க சிரிக்கலியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தபடியே இல்லை என்று தலையாட்டினார்.

அன்றே நாகர்கோவிலுக்குப் போனோம். அதே மருத்துவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு என்னிடம், "நீங்க என்ன வேலை செய்யுறீங்க?" என்று கேட்டார். உயிரியல் ஆசிரியை என்றேன். அவர் காகிதத்தை எடுத்து ஒரு மூளையை வரைந்தார். நான் வரைவதைவிட மோசமான படம்.

"டீச்சர், சிரிக்கணும்னா முகம், தொண்டை, நெஞ்சு, மூச்சு எல்லாம் ஒண்ணா அசையணும். அந்த அசைவை நடத்துற இடம் கீழே, மூளைத்தண்டுல இருக்கு. மூச்சையும் விழுங்குறதையும் பாக்குற இடத்துக்குப் பக்கத்துலயே. இப்ப சிரிக்கலாமா கூடாதான்னு மேல இருந்து பெருமூளை பிடிச்சு வச்சிருக்கும். அந்தப் பிடி இவருக்கு விட்டுப்போச்சு. முகம் சிரிக்குது, இவர் சிரிக்கல."

"சாவு வீட்டுல..."

"உள்ள துக்கம்தான் வந்திருக்கும். அது வெளிய வர்றப்போ சிரிப்பா மாறிட்டு. அடக்கணும்னு நினைச்சா இன்னும் கூடும். ஆஸ்பத்திரியிலயே கேட்டிருக்கணும் நான். நீங்களும் சொல்லல." அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் போனதுல உங்களுக்குச் சங்கடமா, சந்தோசமா?"

இவர் வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, குழறலாக, "சங்கடம்," என்றார். "சங்கடம். சங்கடம்."

அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மருத்துவர் கேட்டார்: "அழுகை உண்டா? காரணம் இல்லாம, நிறுத்த முடியாம?"

"அதுவும் இதுல சேருமா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு அழுகை, சிலருக்கு ரெண்டும்."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நோயாளியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற வாய் இது. "ஒரே ஒரு தடவை," என்றேன். "நாலாம் நாள். என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

மருத்துவர் தலையசைத்துக்கொண்டே குறிப்பில் எழுதினார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. நாலாம் நாள், அழுகை, ஒரு முறை. நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது அந்தத் தாளில் ஒரு அறிகுறியாக, இருமல், காய்ச்சல் மாதிரி, ஒரு வரியில் கிடந்தது. துட்டி வீட்டில் அவர் சிரித்தபோதுகூட எனக்குள் அப்படி எதுவும் இடிந்துவிழவில்லை.

மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதுதான், இதற்குச் சின்ன அளவில் போதும், சில வாரத்தில் அடங்கும் என்றார். மாத்திரை வேலை செய்வதற்குள் சிரிப்பு வந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மறுநாளே வந்தது. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு அவர் சிரித்ததை எடுத்தேன்.

அடுத்த வாரம் பள்ளியில் நரம்பு மண்டலம் நடத்த வேண்டியிருந்தது. மூளைத்தண்டு வரை வரைந்தேன். பான்ஸ் என்று எழுதச் சாக்பீஸை வைத்த இடத்தில் கை நின்றுவிட்டது. இந்த இடத்தில் ஓர் உளுந்து விழுந்தால் ஒருவன் அண்ணன் பிணத்தருகே சிரிப்பான், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான், இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களைப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன். அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவர் வலது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விரல்களுக்குப் பயிற்சி.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கரைஞ்சியளே. அது நீங்களா, அந்தச் சீக்கா?"

அவர் கீரைக்காம்பைக் கீழே வைத்தார். நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் நின்றேன்.

"அறியாது," என்றார் கடைசியில். ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து. "உன் முகத்தைப் பாத்தேன். கரைச்சல் வந்தது. பொறவுதான் நெஞ்சு வலிச்சது. எது முந்தின்னு எனக்கே தெரியல."

நான் அடுப்பு பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். இரண்டடி ஏறியிருந்தால் இரண்டடி என்றுதான் எழுதுவார் இந்த மனிதர். அண்ணனிடமும் அப்படித்தான், என்னிடமும் அப்படித்தான். அந்த உளுந்து எதை எதையோ தின்றிருந்தது. அந்தக் குணத்தை மட்டும் தொடவில்லை.

அத்தானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அந்த அடியந்திரத்துக்கு, எங்களுக்குச் சொல்லவில்லை. சீக்கு இன்னதென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு அதற்கு முந்தின நாள் நான் மட்டும் அங்கே போயிருந்தேன். அத்தானின் மகன் வாசலிலேயே நிறுத்தினான்.

"சித்தி, நாளைக்கு நீங்க வாங்க. அவிய வேண்டாம்."

"அது சீக்கு மக்கா. மூளையில அடைப்பு. அவியளால நிறுத்த முடியாது."

"சிரிக்கதுக்கும் ஒரு சீக்கா? தாளு யாருக்கு வேணும்னாலும் எழுதித் தருவாவ." அவன் உள்ளே போய்விட்டான். அக்கா நடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், இரி என்று சொல்லவில்லை. அவன் விடுப்பு முடிந்து கல்ஃபுக்குத் திரும்பினான், எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல்.

மாத்திரை வேலை செய்தது. மூன்று வாரத்தில் சிரிப்பு வாரத்துக்கொன்றாகி, பிறகு இல்லாமல் போயிற்று. ஐப்பசியில் ஒரு மழை நாள், காலை பதினொரு மணிக்கு, குடையைச் சுருக்கிக்கொண்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். சொல்லாமல் வந்திருந்தாள். நேராக இவருக்கு முன்னால் போனாள்.

"உங்க அண்ணன் போயாச்சு," என்றாள், முகத்தை உற்றுப் பார்த்தபடி.

அவர் எழுந்திருக்க முயன்றார். "தெரியும் மைனி," என்றார். சிரிக்கவில்லை. கண்ணீரும் வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இப்பம் சிரிக்கலியே. சீக்குன்னா இப்பமும் வரணும்லா? உன் தாளை நம்பி, கண்ணால பாத்துரலாம்னு வந்தேன்."

குணமானதே எங்களுக்கு எதிர்சாட்சியாக நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் என்னிடம், "மாத்திரையை நிறுத்து. மைனி பாக்கட்டு," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்போதுதான் போனில் எடுத்துவைத்தது நினைவுக்கு வந்தது.

அக்காவை உட்காரவைத்து அந்த வீடியோவைப் போட்டேன். இவரும் எட்டிப் பார்த்தார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. துண்டு வாய்க்குள், தோள் குலுங்குகிறது, தொண்டையிலிருந்து அந்தச் சத்தம். திரைக்குள்ளிருந்த கண்கள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தன. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நிறுத்து ஏட்டி," என்றாள் அக்கா. "போதும், நிறுத்து."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னைக்கு நான் வாயைத்தான் பாத்தேன். கண்ணைப் பாக்கல. யாருமே பாக்கலியே பிள்ளே," என்றாள். பிறகு இவரிடம், "ஒரு வாய் காப்பி குடிக்கியளா கொழுந்தனாரே, நான் போடுகேன்," என்று எழுந்தாள். அவர் குனிந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, மெல்ல மெல்ல விழுங்குவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவளுடைய தொண்டையும் அசைந்தது.

மகனிடம் அவள் என்ன சொன்னாளோ தெரியாது. தை மாதம் அவன் போன் செய்தான். "சித்தப்பா சாப்பிடுகாரா?" என்று கேட்டான். சாப்பிடுகிறார் என்றேன். "செரி சித்தி," என்று வைத்துவிட்டான். மன்னிப்பும் கேட்கவில்லை, மறுபடி பேசவும் இல்லை. அக்கா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாள்.

போன மாதம் ஒரு காலையில் முற்றத்தில் அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கைத்தடியில் சாய்ந்து நின்று குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சீக்கு வந்துட்டா? திரும்பவும் வந்துட்டா?" என்று கத்தினேன்.

அவர் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் மீன்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பூனை, வாய்கொள்ளாத சாளை மீனோடு.

"இல்ல," என்றார் மூச்சு வாங்க. "பூனை."

நான் கிட்டே போய் அவருடைய கண்களைப் பார்த்தேன். அவையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அந்தச் சிரிப்பு தானாக அடங்கி முடியும்வரை நான் உள்ளே போகவில்லை.